கேட்டுக்கினு சாப்புட்ட மனுசன்

ஊருக்கே பந்தி வெச்சிட்டு, வர்ற ஜனத்துக்கெல்லாம் தட்டு ஏந்திட்டு, தான் மட்டும் ஒரு வாய் கூட தொடாம, தட்டக் கழுவி கவுத்துட்டு போற ஆள நீ பாத்துக்கீறியா? ஒரு நாள் ரெண்டு நாள் இல்லப்பா. வருசக்கணக்கா.

நான் பாத்துக்கீறேன். எங்க சித்தப்பா. நைனாவுக்கு கூடப்பொறந்த தம்பி. பேரு வேணாம். எங்க வூட்லயே அந்தப் பேர யாரும் சொல்றதில்ல, நான் மட்டும் இன்னாத்துக்கு சொல்லணும்.

பந்தின்னா கல்யாணப் பந்தி இல்ல. சர்ச்சு. நான் படிச்ச மிஷன் ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே ஒரு சர்ச்சு இருந்துச்சி. ஸ்கூலுக்கும் சர்ச்சுக்கும் மணி அடிக்கறது, பெஞ்சு தொடைக்கறது, வெளக்கு ஏத்தறது எல்லாம் சித்தப்பாதான். மாசத்துல மொத ஞாயித்துக்கெழம அங்க திருவிருந்து. ஏசு சாவறதுக்கு முந்தின ராத்திரி தன் ஆளுங்களோட உக்காந்து ரொட்டியப் பிட்டு, இது என் ஒடம்பு, இது என் ரத்தம்னு சொல்லிக் குடுத்தாராம். அத நெனச்சி ஜனங்க வரிசையா முட்டி போட்டு ஒரு துண்டு ரொட்டி, ஒரு முழுங்கு திராட்சரசம் வாங்கிக்கறது. பாஸ்டரு முன்னால குடுத்துக்கினே போவாரு, சித்தப்பா பின்னாலயே தட்டப் புடிச்சிக்கினு போவாரு. கடைசி ஆளும் எழுந்து போனப்புறம் பாஸ்டரு அவரு மூஞ்சியப் பாப்பாரு. சித்தப்பா தலைய குனிஞ்சிக்குவாரு. அவ்ளோதான். தட்டு உள்ள போயிடும்.

நாங்க பசங்க ஜன்னல்ல தொத்திக்கினு இத பாத்துருக்கோம். நான் சர்ச்சு ஆளு இல்ல, பிள்ளையார்பாளையத்து தறிக்காரன் புள்ள, நெத்தியில விபூதியோட தொங்கிக்கினு இருப்பேன். கூட இருந்தவனுங்க என்ன உசுப்பேத்துவானுங்க. "டேய், உங்க சித்தப்பா சப்ளையரு மட்டும்தான்டா. ஓட்டல்ல சப்ளையரு சாப்புடக்கூடாதுல்ல!" நானும் கூட சேந்து சிரிப்பேன். இன்னா பண்றது, அழுதா இன்னும் ஓட்டுவானுங்க.

ரொட்டி வெட்டறது சனிக்கெழம சாயங்காலம். கடையிலருந்து வாங்கியாந்த ரொட்டியத்தான் அவரு வெட்டுவாரு. ஆனா அந்த வெட்டு இருக்குதே! வெள்ளைத் துணிய விரிச்சி, ஓரத்துத் தோல சீவித் தள்ளிட்டு, துண்டு துண்டா சதுரமா... ஒரு துண்டு பெருசு ஒரு துண்டு சிறுசுன்னு ஒண்ணு காட்டு பாப்போம். தறியில உக்காந்த கண்ணு. சீவின தோல நாங்க அள்ளிக்குவோம். அவருகிட்ட பேசக்கூடாதுன்னு நைனா கண்டிசனா சொல்லிக்கீறாரு. ரொட்டித் தோலுக்கு முன்னால நைனாவாவது ஒண்ணாவது.

"சித்தப்பா, நீயும் ஒண்ணு போட்டுக்கயேன் வாயில."

"எனுக்கு இன்னா அவசரம். நீ துன்னு."

"இது சாமி ரொட்டியா?"

"இன்னிக்கி வெறும் கடை ரொட்டிதான்டா. நாளைக்கி ஜெபம் பண்ணப்பறம்தான் அது."

"அப்ப நம்ம கோயில் பிரசாதம் மாதிரி?"

கத்திய கீழ வெச்சிட்டாரு. "பிரசாதம் நாம சாமிக்கு வெச்சிட்டு அப்பால நாம துன்றது. இது சாமி தன்னையே எடுத்து எலையில வெச்சது. ரெண்டுக்கும் செலவு வேறடா. யாரு செலவுன்னு தெரிஞ்சிக்கினுதான் கைய நீட்டணும்."

எனக்கு ஒண்ணும் புரியல. தோலுதான் ருசியா இருந்துச்சி.

எனுக்கு இன்னா அவசரம். இதான் அவரு வாயில எப்பவும். குழாயடியில கொடத்தோட நிப்பாரு, பின்னால வந்தவங்கள்லாம் புடிச்சிக்கினு போவாங்க. பெருமாள் கருட வாகனத்துல பொறப்படற நாள்ல ஊர்கோலம் எங்க ஸ்கூல் ரோடு வழியா போவும். ஒரு வருசம் அது சரியா சர்ச்சு மணி நேரத்துக்கு வந்து நின்னுச்சி. இவரு கயித்தப் புடிச்சிக்கினு சும்மா நிக்கறாரு. பாஸ்டரு உள்ளருந்து ஓடியாறாரு. "என்னய்யா, மணி ஆச்சே, ஜனங்க வரணுமே!" "நாயனம் வாசிக்கறாங்கய்யா. அவங்க தாண்டிப் போவட்டும். நமக்கு இன்னா அவசரம்." மேளம் தெருமொனை திரும்பினப்புறம்தான் மணி அடிச்சாரு. பாஸ்டரு தலையில அடிச்சிக்கினாரு. மேளக்காரன் ஒருத்தன் திரும்பி இவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போனான். எனக்கு செம தமாசு.

ஆனா ஒரே ஒரு விசயத்துல மட்டும் அவருக்கு அவசரம் இருந்துச்சி. என்ன பாத்தவொடனே கேப்பாரு.

"பெரியவன் எப்டிக்கீறான்?"

பெரியவன்னா எங்க அண்ணன். என்ன விட மூணு வயசு பெரியவன்.

"நல்லாக்கீறான்."

"வளந்தானா?"

"கொஞ்சம்."

"தறிப் பலகையில உக்காந்தா காலு தரைக்கி எட்டுதா?"

வாராவாரம் இதே கேள்வி. நைனா எப்டிக்கீறாருன்னு ஒரு தடவ கேட்டதில்ல. நான் பரிச்சையில தேறுனேனான்னு கேட்டதில்ல. அண்ணன் காலு எட்டுதா. எட்டுதுன்னு ஒரு நாளு கடுப்புல சொன்னேன். மூஞ்சி எப்டி மலந்துச்சின்ற. அப்பால, "இன்னும் கொஞ்சம் ஆவட்டும்"னு தானே சொல்லிக்கினாரு.

அது இன்னாத்துக்குன்னு சொல்றேன்.

எங்க ஊரு கோர்வைப் பொடவ தெரியும்ல? ஒடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. அத ஒத்த ஆளா நெய்ய முடியாது. ஒருத்தன் உக்காந்து ஒடம்ப நெய்யணும், அந்தப்பக்கத்து கரைக்கி இன்னொருத்தன் உக்காந்து நூலு ஓடற நாடாவ தள்ளணும். இவன் தள்ள அவன் வாங்க, ரெண்டு பேருக்கும் மூச்சே ஒண்ணா போவணும். எங்க வூட்டுத் தறியில நைனா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். அப்டித்தான் ஓடிக்கினு இருந்துச்சி.

சித்தப்பா எப்ப ஏசுகிட்ட போனாருன்னு யாருக்கும் தெரியாது. மிஷன் ஆஸ்பத்திரியில காய்ச்சலுக்குப் படுத்திருந்தாரு, அங்க தொத்திக்கிச்சின்னு நைனா சொல்லுவாரு, என்னமோ அதுவும் ஒரு காய்ச்சல் மாதிரி. அவரையே கேட்டா, "கூப்ட்டாரு, போனேன்." முடிஞ்சது.

ஒரு ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் எடுத்துக்கினாரு. அன்னிக்கே திருவிருந்துலயும் உக்காந்து ரொட்டி வாங்கிக்கினாரு. திங்கக்கெழம காத்தால வழக்கம்போல தறிக்கு வந்துட்டாரு! மெய்யாலுமே அந்த மனுசனுக்குத் தோணவே இல்ல. சாமி வேற, தறி வேறன்னு நெனச்சிட்டாரு. தறிக்காரன் நெனக்கற நெனப்பாய்யா இது? கற்பூரம் காட்டாம நாங்க நாடாவத் தொடவே மாட்டோம். தறியும் சாமிதான், தறி போட்டுக்கீற குழியும் சாமிதான். நைனா தறியிலருந்து தலையத் தூக்காமயே சொன்னாராம்: "எங்க துன்னியோ அங்கயே போய் நெய்யி."

ஆனா சித்தப்பா அத சரியா காதுல வாங்கல. அவரு பாத்தது வேற. அவரு எடத்துல எங்க அண்ணன் உக்காந்துக்கினு இருந்தான். அஞ்சாங்கிளாஸ் பையன். பலகையிலருந்து காலு தொங்கிக்கினு இருக்குது, தரைக்கி எட்டல. ஸ்கூல் பை சொவத்துல ஆணியில மாட்டிக்கினு இருக்குது. தறியில ஏத்தின பாவு நூலு பாதிதான் ஓடிக்கீது, கல்யாண சீசன், மொதலாளி வாசல்ல நிக்கறான், கரைக்கி வேற ஆளு இல்ல. நைனா இன்னா பண்ணுவாரு? கைக்கு எட்டினத உக்கார வெச்சாரு.

பாவு முடிஞ்சா எழுந்துடலாம்னுதான் சொன்னாங்க. அப்பால அடுத்த பாவு. அதுக்கு அடுத்த பாவு. பை ஆணியிலயே இருந்துச்சி.

சித்தப்பா துன்னது அந்த ஒரு வாய் ரொட்டிதான். அப்பறம் தொடல. தொண்டையத் தொட்டுக் காட்டுவாரு என்கிட்ட. "அன்னிக்கித் துன்னது இங்கியே நிக்குதுடா சின்னவனே. கீழயும் எறங்கல, மேலயும் வரல."

இதெல்லாம் தெரியாம ஒரு பண்டிகை அன்னிக்கி பாஸ்டரு மேடையில நின்னு அவர உதாரணம் காட்டிட்டாரு. திருநெல்வேலி பக்கத்து ஆளு, நல்ல மனுசன், ஆனா பேச ஆரம்பிச்சா பிரேக்கு புடிக்காது. "வீட்டை விட்டார், தறியை விட்டார், உடன்பிறந்த அண்ணனையே விட்டார்! தியாகம்னா என்னன்னு தெரியணுமா? அந்த வாசல்ல நிக்கிறாரே, அவரைப் பாருங்க!" ஜனம் மொத்தமும் திரும்பிப் பாத்துச்சி. ஆள் இல்ல.

நான் பின்பக்கம் ஓடிப் போய்ப் பாத்தா திராட்சரசக் கப்பக் கழுவிக்கினு இருக்காரு. அந்தக் கப்புக் கழுவற தண்ணிய சாக்கடையில ஊத்தமாட்டாரு, நந்தியாவட்ட செடி அடியிலதான் ஊத்துவாரு.

"சித்தப்பா, உன்னத்தான் சொல்றாங்க உள்ள. பெரிய ஆளாயிட்ட போ!"

"நான் இன்னாத்தடா வுட்டேன்?" முதல் தடவையா அவரு கொரல் ஏறி நான் கேட்டேன். "பலின்னா குடுக்கறவன் ஒருத்தன், வெட்டுப்படறது ஒண்ணு. ஏசு தன்னத்தானே குடுத்தாரு, வேற எவனையும் புடிச்சிக் குடுக்கல. நான் குடுத்தது யாரடா? எட்டாத காலோட உக்காந்தானே, அவன். அத போய் கைதட்டறாங்க உள்ள."

பாஸ்டரும் அப்பால விசயம் தெரிஞ்சி வந்து சொல்லிப் பாத்தாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். "ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாருய்யா. நீ ஏன் இன்னும் வெளியவே நிக்கிற?"

"அவரு மன்னிப்பாருய்யா. அவருகிட்ட நான் தப்பு பண்ணலியே. பையன்கிட்டல்ல பண்ணேன்? பீடத்துக்கு வர்றதுக்கு முன்னால மொதல்ல போய் மனஸ்தாபம் தீத்துக்கினு வான்னு அவருதான சொல்லிக்கீறாரு."

"அப்போ போய்க் கேட்டுட்டு வாயேன். பக்கத்துத் தெருதானே?"

"இப்ப கேட்டா சரின்னுடுவான்யா. கொழந்த. கொழந்தைகிட்ட சரி வாங்கறது ஏமாத்து. வளரட்டும். வேணாம்னு சொல்ற தெம்பு வரட்டும் அவனுக்கு. அப்ப கேக்கறேன்."



நடுவுல என் கதை ஒண்ணு கீது, அதையும் இங்கியே சொல்லிடணும். எனக்கு பத்து வயசானப்ப நைனா என்னையும் கரைக்கி உக்கார வெச்சாரு. ஒருத்தனுக்கு ரெண்டு பேரா மாத்தி மாத்தி உக்காரட்டும்னு. சில நாளு உக்காந்தேன். அண்ணன் வந்து பாத்தான், கரையத் தடவினான். "நைனா, இவன எழுப்பு. கரை கோணிக்கிச்சி பாரு. இவன் கைக்கு நாடா நிக்காது"ன்னான். நைனா பாத்தாரு, கோணித்தான் இருந்துச்சி. ரெண்டு அறை வுட்டு எழுப்பிட்டாரு. எனக்கு ஒரே குஷி! தறிக்கு ஆவாத கைன்னு தெருவுல எவனாவது கிண்டல் பண்ணா காலரத் தூக்கி வுட்டுக்குவேன். அதுக்கு அடுத்த வருசம்தான் மிஷன் ஸ்கூல்ல சேந்தேன்.

நான் பியூசி படிக்கசொல்ல சித்தப்பாவுக்கு நெஞ்சுல சளி கட்டி படுத்துட்டாரு. சர்ச்சுக்குப் பின்னால மணிக்கயிறு தொங்கற ரூம்புதான் அவரு வூடு. மூச்சு இழுத்துக்கினு கெடந்தாரு. ஒரு மதியானம் பாஸ்டரு ரொட்டியும் கப்பும் அங்கியே எடுத்தாந்தாரு. படுத்துக் கெடக்கறவங்களுக்கு அப்டி வந்து குடுக்கற வழக்கம். சித்தப்பா அப்பவும், "எனுக்கு இன்னா அவசரம்யா." பாஸ்டருக்கு கண்ணு கலங்கிடுச்சி. என்ன வெளிய கூட்டிப் போய், "தம்பி, ஒங்க அண்ணன இப்பவே கூட்டிட்டு வர முடியுமா?"

சைக்கிள மிதிச்சிக்கினு போனேன். நல்ல வேள, நைனா நெசவு சொசைட்டிக்குப் போயிருந்தாரு. அண்ணன் பக்கத்து வூட்டு ஆள கூட வெச்சிக்கினு தறியில இருந்தான்.

"சித்தப்பா உன்னக் கூப்புடறாரு."

"யாரு?"

"அவருதான்."

நாடாவ அப்டியே நடுவுல வுட்டுட்டு எழுந்துட்டான். எங்க தெருவுல எவனும் அப்டி எழுந்திரிக்க மாட்டான்.

ரூம்புக்குள்ள வந்தவன் வாசப்படியிலயே நின்னுட்டான். சித்தப்பா கைய ஊனி எழுந்து உக்காரப் பாத்தாரு, பாஸ்டரு முதுகுக்கு தலவாணி வெச்சாரு. அண்ணன தலையிலருந்து காலு வரைக்கும் பாத்தாரு.

"வளந்துட்ட."

"பின்ன, அப்டியேவா இருப்பேன்?"

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்கி சாமி விருந்துக்குப் போனேன், செலவு உன் தலையில வுழுந்துச்சி. உன் படிப்பு போச்சி. அதுலருந்து அங்க நான் கை நீட்டல. நீ பெரியவனாவட்டும், உன்னக் கேட்டுக்கினு நீட்டலாம்னு இருந்தேன். இப்ப கேக்கறேன். நான் சாப்புடலாமா? நீ வேணாம்னா வேணாம்பா. மெய்யாலும் சொல்றேன்."

அண்ணன் மொதல்ல சிரிச்சிட்டான். "இதுக்கா இத்தினி வருசம் பட்டினி கெடந்த? இன்னா சித்தப்பா நீ, சரியான..." பாஸ்டரப் பாத்துட்டு வார்த்தைய முழுங்கிட்டான். அப்பால உள்ளங்கையில காச்சிப்போன எடத்த நகத்தால சொறண்டிக்கினே நின்னான்.

"கோவம் இருந்துச்சி. இல்லன்னா பொய். பைய ஆணியிலருந்து எடுக்கவே வுடல நானு. அம்மா கைய வெச்சா கத்துவேன். நாளைக்கிப் போவேன், நாளான்னிக்கிப் போவேன்னு. அப்பால இவன உக்கார வெச்சாரு நைனா." என்ன காட்டினான். "இவன் கை என்ன வுட நல்ல கை சித்தப்பா. மொத நாளே கரை கோடு இழுத்த மாதிரி நின்னுச்சி. நான்தான் ரெண்டு எழைய இழுத்துவுட்டுட்டு கோணிக்கிச்சின்னு சொன்னேன்."

"ஏன்ப்பா?" பாஸ்டரு கேட்டாரு.

"ஒரு வூட்ல ஒரு பை தொங்கனா போதும்ங்க."

சித்தப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கினு இருந்துச்சி. எனக்கு காது ரெண்டும் சுட்டுச்சி. தரையில ஒரு எறும்பு போச்சி, அதையே பாத்துக்கினு நின்னேன்.

"மொத பாவு உன்னால உக்காந்தேன்," அண்ணன் சொன்னான். "அதுக்கப்புறம் நானாதான் உக்காந்தேன். அதுக்கு நீ இன்னாத்துக்கு பட்டினி கெடக்கணும்? சாப்புடு சித்தப்பா. என் செலவுல சாப்புட்டவன் எவனும் என்ன கேட்டுக்கினு சாப்புடல. நீதான் மொத ஆளு."

சொல்லசொல்ல என் பக்கம் திரும்பவே இல்ல. திரும்பி ஒரு தடவ மொறச்சிருந்தா கூட தேவலாம்.

பாஸ்டரு ஜெபம் பண்ணிட்டு ரொட்டித் துண்ட நீட்டினாரு. சித்தப்பா அத வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இத யாருய்யா வெட்னது?"

"நான்தான்யா. ஏன்?"

"கோணிக்கிச்சி."

அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான். பாஸ்டரும் சிரிச்சாரு. சிரிச்சிக்கினே கண்ணத் தொடைச்சாரு. சித்தப்பா வாயில போட்டுக்கினாரு. நகத்தளவு துண்டு. அத மென்னாரு மென்னாரு, மென்னுக்கினே இருந்தாரு. கடைசியா தொண்ட ஏறி எறங்குச்சி. கைய வெச்சி தொட்டுப் பாத்துக்கினாரு.

"எறங்கிடுச்சி பெரியவனே."

"சரி, படுத்துக்கோ. டேய் வாடா, தறி நடுவுல நிக்குது."

திரும்பி வரசொல்ல நான் மிதிக்கறேன்னேன். "நீ கீழ தள்ளிடுவ, பின்னால குந்து"ன்னு அவனே மிதிச்சான். பின்னால உக்காந்து அவன் முதுகையே பாத்துக்கினு வந்தேன். ஒரு பக்கமா சாஞ்ச முதுகு, கரைக்கி உக்காந்து உக்காந்து. கேக்கணும்னு வாயத் தொறந்தேன். இன்னான்னு கேக்கறது? துன்னு முடிச்சப்பறம்? நான் துன்னது ஒரு துண்டு ரொட்டியா? ஆறாங்கிளாஸ்லருந்து பியூசி வரைக்கும் மொத்தம் துன்னுட்டு உக்காந்துக்கீறேன். அதுக்கு மேல பி.காமும் துன்னேன்.

அப்பவும் கேக்கல.

சித்தப்பா அந்த மழைக்காலத்த தாண்டல. பொதைக்கற அன்னிக்கி நைனா காம்பவுண்டுக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப்பக்கம், செருப்பக் கழட்டி வெச்சிட்டு நின்னாரு. உள்ள வரல. உள்ள வான்னு யாரும் கூப்புடவும் இல்ல. எங்க தறி அன்னிக்கி ஓடல.

இப்ப நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டியூட்ல பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன். மாடியில ரூம்பு. "சார், உங்க கை இன்னா சார் இந்த ஓட்டம் ஓடுது!"ன்னு பசங்க வாயப் பொளப்பானுங்க. நல்ல கைதான். நாடா நிக்கற கை. அது எனக்கும் தெரியும், இன்னொருத்தனுக்கும் தெரியும். இந்தக் கதைய இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, இன்னிக்கி மிஷின் சும்மா கெடந்துச்சி, அடிச்சிட்டேன். சர்ச்சுல இப்ப வேற ஆளு மணி அடிக்கறான், ஊர்கோலம் போனாலும் டாண்ணு அடிச்சிடறான்.

கீழ சைக்கிள் பெல்லு கேக்குது. அண்ணன்தான். எனக்கு சோறு எடுத்தாந்துக்கீறான்.